பாயா மெராந்தி ரயிலுக்கு எத்தனை மார்க்கு

புதுச் சட்டையை மெஷினில் போட்டால் முதல் தடவையிலேயே மடிப்புக் கெட்டுவிடும் என்று செல்வராணி அதைக் கையாலேயே அலசிக்கொண்டிருந்தாள். கனத்த வெள்ளைத் துணி. தங்காக்கில் மூன்று கடை ஏறி இறங்கி எடுத்தது. லாபிஸில் கொடுத்துத் தைத்தது. மார்பில் ஆறு பித்தளைப் பொத்தான். கடைக் கஞ்சி போகப் போக வாளித் தண்ணீர் அரிசி களைந்த தண்ணீர் மாதிரி ஆகிக்கொண்டு வந்தது.

"பொத்தான அழுத்தித் தேய்க்காத ராணி. பூச்சு போயிரும்." அவள் புருஷன் தங்கராஜு சமையலறை வாசலில் நின்று மேற்பார்வை பார்த்தார்.

"பித்தளைன்னு சொன்னீங்க. பித்தளைக்கு ஏது பூச்சு?"

"கடைக்காரன் அப்படித்தான் சொன்னான்."

"கடைக்காரன் சொன்னத எங்கிட்ட சொல்லுங்க. பூச்சு போனா அவன் சட்டையையா நான் துவைக்கப் போறேன்?"

அவர் சிரித்துக்கொண்டே உள்ளே போனார். இரண்டு வாரமாக எதற்கெடுத்தாலும் சிரிப்புத்தான். அறுபத்திரண்டு வயதில் மனிதருக்கு ரயில் கார்டு வேலை கிடைத்திருக்கிறது. ரயில் மட்டும் இன்னும் வரவில்லை. அதை வரவிடலாமா வேண்டாமா என்று மார்க்குப் போட வேண்டியவர்களில் ஒருத்தி, வாளிக்கு முன்னால் குந்தியிருந்த செல்வராணி.

பாயா மெராந்தியில் இப்போது எந்த ரயிலும் நிற்பதில்லை. இரட்டைத் தண்டவாளம் போட்டு, மின்சாரக் கம்பி இழுத்து, புது ரயில் விட்ட பிறகு அது இந்த ஊரைக் கடக்க ஒரு தும்மல் நேரம்தான் எடுக்கிறது. பழைய ஸ்டேஷன் கட்டடமும், அதன் பின்னால் லாலான் புல்லுக்குள் அறுநூறு மீட்டர் பக்கத் தண்டவாளமும் மிச்சம். அதன்மேல் பழைய மெயில் வண்டியைத் திரும்ப உருவாக்கி ஓட்ட வேண்டும் என்று ரூபேந்திரன் ஒரு சங்கம் சேர்த்துக் கிளம்பினான். சிங்கப்பூருக்குத் தினமும் விடியுமுன் எழுந்து வேலைக்குப் போகிறவன், நாற்பது வயது, இரண்டு பெண்பிள்ளைகள். சொந்தச் சேமிப்பில் பழைய இரும்புக் கடையிலிருந்து ஒரு பெட்டியை மீட்டு, சனி ஞாயிறுகளில் சுரண்டிச் சாயம் அடித்து வைத்திருந்தான். பெட்டியை இழுக்கச் சின்ன இஞ்சின் வேண்டும், மேடை வேண்டும், கூரை வேண்டும். அதற்கு மாவட்ட மன்றத்தின் பாரம்பரிய நிதியைக் கேட்டு மனு போட்டிருந்தான்.

மனுவைப் பார்த்து மார்க்குப் போட மூன்று பேர் குழு. தலைவர் உதுமான் பாய், கடைத்தெருவில் சாப்பாட்டுக் கடை வைத்திருப்பவர். இன்னொருவர், ஓய்வுபெற்ற சீன வாத்தியார் சியா. மூன்றாவது இவள். இருபத்தெட்டு வருஷம் பள்ளிக்கூட ஆபீஸில் எழுத்து வேலை பார்க்கும் கிராணியாக இருந்தவள். வராத பிள்ளையை வந்ததாகப் பதியச் சொன்ன ஒரு தலைமையாசிரியர் முன்னால் பேனாவை மூடி வைத்துவிட்டு, "நீங்களே எழுதிக்கிங்க சார், உங்க கையெழுத்து என்னோடதவிட அழகா இருக்கும்" என்றவள். அந்தக் கதை இன்னும் ஊரில் சுற்றுகிறது.

முதல் கூட்டத்திலேயே அவள் சொல்லிவிட்டாள்: "பாய், எங்க வீட்டுக்காரர் ரூபேந்திரன் சங்கத்துல இருக்காரு. நான் இதுல உக்காரக் கூடாது."

"இந்த ஊர்ல சம்பந்தம் இல்லாத ஆளத் தேடினா, செகாமாட்லேருந்துதான் கூட்டியாரணும்," என்றார் உதுமான். "உக்காரு தங்கச்சி. ரயில்காரர் பொண்டாட்டி, பாதுகாப்புப் பகுதிய நீ பாரு. எங்களுக்கு என்ன தெரியும், ஏறுனா இறங்கத் தெரியும்."

மனுவோடு தங்கராஜுவின் கடிதமும் இணைக்கப்பட்டிருந்தது. 'முப்பத்தொரு ஆண்டுகள் தண்டவாளப் பராமரிப்பில் பணியாற்றிய நான், மேற்படி பக்கத் தண்டவாளமும் அதன் கட்டைகளும் உறுதியாக உள்ளன என்று உறுதி கூறுகிறேன்.' தமிழில் அவர் சொல்ல, ரூபேந்திரன் மலாயில் எழுதியது. கீழே கோணல்மாணலாக அவர் கையெழுத்து.

சட்டையைப் பிழிந்து உதறிக் கொடியில் போட்டாள். நிமிரும்போது கால் மாற்றி நின்றாள். கால் இருந்த இடம் சிமெண்டு இல்லை. பின்கட்டில் தண்டவாளத்துக்கு அடியில் போடுகிற எட்டுச் சிலிப்பர் கட்டைகளைப் பக்கத்தில் பக்கத்தில் அடுக்கி மேடை கட்டிக் கொடுத்திருந்தார் தங்கராஜு. அசல் செங்கால் மரம். மழைக்கு வழுக்காது, கறையான் கிட்ட வராது. நாலு வருஷமாக அவள் நின்று துவைப்பது அதன்மேல்தான்.

மத்தியானம் குழு இடத்தைப் பார்க்கப் போனது.

ரூபேந்திரன் எல்லாருக்கும் குளிர்ந்த பார்லி தண்ணீர் வைத்திருந்தான். பெட்டி நன்றாகத்தான் இருந்தது. காப்பிக்கொட்டை நிறத்தில் கீழ்ப்பாதி, பாலாடை நிறத்தில் மேல்பாதி, உள்ளே மரப் பெஞ்சுகள். வாத்தியார் சியா ஏறி உட்கார்ந்து சின்னப் பிள்ளை மாதிரி ஜன்னலைத் தூக்கித் தூக்கி இறக்கினார்.

"ஆன்ட்டி, தீபாவளிக்கு முன்னால ஓட்டிரலாம்," என்றான் ரூபேந்திரன். "மொத சவாரி நம்ம ஸ்கூல் பிள்ளைங்களுக்கு. நாப்பது பேர், ஃப்ரீ."

"உன் மனுப் புத்தகத்துல ரயிலோட பொற்காலம்னு போட்டிருக்கியே, அது எந்த வருஷம்?"

"அது… பொதுவா, ஆன்ட்டி."

"எங்கம்மா பிள்ளைத்தாச்சியா இந்த மூணாங் கிளாசுல கோழிக் கூடைக்கும் மீன் டின்னுக்கும் நடுவுல நின்னுக்கிட்டே குளுவாங் ஆஸ்பத்திரிக்குப் போனாங்க. அத எடுத்துரு. பெட்டி நல்லாருக்கு, பொய் எதுக்கு?"

அவன் கோபித்துக்கொள்ளவில்லை. "எடுத்துர்றேன் ஆன்ட்டி. எனக்கு ஒண்ணே ஒண்ணுதான். எம் பிள்ளைங்க தினம் இந்தப் பக்கம் ரயில் போறதப் பாக்குதுங்க. 'ஏம்ப்பா நம்ம ஊர்ல நிக்காது'ன்னு கேக்குதுங்க. நிக்கிற ரயில் ஒண்ணு இருக்கட்டும்லா."

அவளுக்கு அது பிடித்திருந்தது. சாக்கடை அடைத்துக் கிடக்கிற ஊரில் ரயிலுக்கு எதற்குக் காசு என்று வரும்போது நினைத்துக்கொண்டுதான் வந்தாள். ஆனால் சாக்கடைக் காசு வேறு கணக்கு. இந்தக் காசு இங்கே வராவிட்டால் வேறு ஊரில் ஏதாவது ஒரு வரவேற்பு வளைவுக்குச் சாயமாகப் போகும். கொடுத்தால்தான் என்ன?

தண்டவாளத்தின் ஓரமாக நடந்தாள். புல்லை வெட்டிச் சுத்தம் செய்திருந்தார்கள். கட்டைகள் வரிசை பிசகாமல், ஆணிகள் ஒரே உயரத்தில், நூல் பிடித்த மாதிரி. அந்த ஒழுங்கு யார் கை என்று அவளுக்குத் தெரியும். துணி மடித்தாலும் அவர் அப்படித்தான் மடிப்பார்.

உச்சி வெயில். ஜல்லியில் கால் தடுமாறியதால் குடையை மடக்கி ஊன்றிக்கொண்டு ஒரு கட்டைமேல் கால் வைத்தாள். ஊன்றிய குடையின் முனை, ஆணிக்குப் பக்கத்தில், விரல் நீளம் உள்ளே போனது.

எடுத்தாள். இன்னொரு கட்டையில் ஊன்றினாள். அதிலும் போனது. புட்டில் கம்பி இறங்குகிற மாதிரி, சத்தமே இல்லாமல். மேலே காய்ந்த ஓடு; உள்ளே காப்பித்தூள்.

நிமிர்ந்து பார்த்தபோது தங்கராஜு அவளைப் பார்த்துக்கொண்டிருந்தார். சிரிப்பு இல்லை. மெதுவாக நடந்து வந்தவர், அவள் குடை இறங்கிய ஓட்டையின்மேல் தன் சப்பாத்துக் காலை வைத்து நின்றுகொண்டார். பிறகு திரும்பி, "வாத்தியாரே, அந்தப் பக்கம் எறும்புப் புத்து இருக்கு, பாத்து!" என்று கத்தினார்.

அந்த நிமிஷத்தில் அவளுக்கு நாலு வருஷம் முந்தைய மாரியம்மன் கோயில் படி ஞாபகம் வந்தது.

இரட்டைத் தண்டவாள வேலை நடந்த காலம். பழைய பாதையைப் பெயர்த்துக் குவித்தபோது, "வேணுங்கிறவங்க எடுத்துக்கலாம்" என்று யாரோ ஒரு மேஸ்திரி சொன்னதாக ஊரில் பேச்சு. குவியலில் கிடந்ததெல்லாம் உளுத்தது. நல்ல கட்டை பக்கத் தண்டவாளத்தில்தான் இருந்தது. அதைத் தொடச் சொல்லி யாரும் சொல்லவில்லை. கோயிலுக்குப் படி வேண்டும் என்று கமிட்டி கேட்டது. உதுமான் பாய் கடை வாசலுக்கு நாலு பெஞ்சு கேட்டார். சியா வாத்தியார் தோட்டத்துக்கு வரப்புக் கேட்டார். எந்தக் கட்டை நல்லது என்று தட்டிப் பார்த்துச் சொல்லத் தெரிந்தவர் ஊரில் ஒருவர்தான். தங்கராஜு ஒரு வெள்ளிகூடக் காசு வாங்கவில்லை. கேட்டவருக்கெல்லாம் பார்த்துப் பார்த்து எடுத்துக் கொடுத்தார். கடைசி எட்டை வீட்டுக்குக் கொண்டுவந்தார்.

வேறு எவனாவது என்றால் கட்டையை எடுத்துக்கொண்டு குழியை விட்டுவிட்டுப் போயிருப்பான். பல் விழுந்த வாய் மாதிரி கிடந்திருக்கும். பார்க்கிற யாருக்கும் விஷயம் தெரிந்திருக்கும். தங்கராஜுவால் அது முடியாது. தண்டவாளத்தைப் பராமரிக்கிற கேங் வேலைக்காரன் ஒரு கட்டையை எடுத்தால் ஒரு கட்டையைப் போட்டுத்தான் நகர்வான். குவியலிலிருந்து உளுத்ததைத் தூக்கி வந்து, செருகி, ஜல்லி கட்டி, ஆணி அடித்து, வரிசை பார்த்து வைத்திருக்கிறார். வேலை அவ்வளவு சுத்தம். அந்தச் சுத்தத்தைப் படம் பிடித்துத்தான் ரூபேந்திரன் மனுவின் முதல் பக்கத்தில் போட்டிருந்தான்: 'அசல் தண்டவாளம், சிதைவின்றி.'

வீட்டுக்கு வந்ததும் அவள் ஃப்ரிட்ஜைக் காலி செய்து துடைத்தாள். துடைக்க வேண்டிய நாள் அல்ல. அதன்பிறகு மசாலா டப்பாக்களை இறக்கி, கழுவி, மாற்றி அடுக்கினாள். அவர் டீவியில் சேனல் மாற்றிக்கொண்டே இருந்தார், எதிலும் நிற்காமல்.

சாப்பிடும்போது கேட்டாள். "எத்தன கட்டை?"

"எது?"

"கேக்குறது புரியுது உங்களுக்கு."

அவர் சோற்றைப் பிசைந்தார். "முப்பது… நாப்பது இருக்கும். நடு நடுவுல நல்லதும் இருக்கு ராணி. எல்லாம் அப்படியே இல்ல."

"கையெழுத்துப் போடும்போது இது ஞாபகம் வரலையா?"

"சின்ன இஞ்சின். நடந்து போற வேகம். ஒண்ணும் ஆகாது."

"நாப்பது பிள்ளைங்க."

"நான்தான் கார்டு. பச்சைக் கொடி காட்டுனாத்தான் வண்டி நகரும். பாத்துக்குவேன்."

அவள் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தாள். கேங் ஆட்களுக்கு யூனிஃபார்ம் கிடையாது. கிழிந்த சட்டைக்கு மேல் ஓர் ஆரஞ்சு மேல்சட்டை. வெள்ளைச் சட்டை ஸ்டேஷன் மாஸ்டருக்கு, கார்டுக்கு. அவர்கள் வண்டியில் போகும்போது ஓரமாக ஒதுங்கி நின்று கை காட்டுவதுதான் இவர் வேலை. முப்பத்தொரு வருஷத்தில் ஒரு கார்டுகூடத் தன் பேரைக் கேட்டதில்லை என்று கல்யாணமான புதிதில் ஒருமுறை சொன்னார். மறுபடி சொன்னதில்லை.

ராத்திரி பெண்ணுக்கு ஃபோன் போட்டாள். ஷர்மினி ஜொகூர் பாருவில் ஒரு தொழிற்சாலையில் தரம் பார்க்கிற வேலை.

"கெட்டுப் போன சாமான் ஒண்ண உன் தோழி ஓக்கே பண்ணி அனுப்பிட்டா, நீ என்ன பண்ணுவே?"

"ரிஜெக்ட் பண்ணுவேன். ஏம்மா, அப்பாவா?"

செல்வராணி ஃபோனை வைத்துவிட்டாள்.

ஞாயிறு காலை பசியாறாமலே கடைத்தெருவுக்கு நடந்தாள். உதுமான் பாய் கல்லாவில் இருந்து எழுந்து வந்து வாசல் பெஞ்சில் எதிரே உட்கார்ந்தார். தே தாரிக் வந்தது. அவள் தொடவில்லை.

"பாய், நம்ம உக்காந்திருக்கிற கட்டை எங்கேருந்து வந்துச்சு?"

"ஒன் வீட்டுக்காரர்தான் கொண்டாந்து போட்டாரு. தெரியாத மாதிரி கேக்குறே."

"தெரியும். அது இருந்த இடத்துல இப்ப என்ன இருக்குன்னு உங்களுக்குத் தெரியுமா?"

சொன்னாள். குடை இறங்கியதை, சப்பாத்தை, எல்லாவற்றையும். உதுமான் தாடியைத் தடவிக்கொண்டு கேட்டார். நடுவில் ஒருவன் ரொட்டி கோசோங் இரண்டு என்று கத்த, "உள்ள சொல்லு, உள்ள சொல்லு!" என்று விரட்டினார்.

"அலமாக்," என்றார் கடைசியில். "இப்ப என்ன செய்யணுங்கிறே?"

"அதைத்தான் கேக்க வந்தேன்."

"காசக் குடுப்போம். ஓட்டுறதுக்கு முன்னால இன்ஸ்பெக்டர்னு ஒருத்தன் வருவான்ல, அவன் பாத்துக்கட்டும்."

"வர்றவன் எதப் பாப்பான்? புல்லு வெட்டியிருக்கும், ஆணி வரிசையா இருக்கும். முப்பத்தொரு வருஷ அனுபவம்னு ஒரு கடிதம் இருக்கும். வெயில் வேற. அவன் குடை கொண்டாருவானா?"

உதுமான் சிரித்துவிட்டார். பிறகு சிரிப்பை நிறுத்திக்கொண்டு குரலைத் தாழ்த்தினார். "தங்கச்சி, நாலு வருஷமா ஊரே உக்காந்து டீ குடிச்ச பெஞ்சு. எல்லாரையும் எழுப்பி விடப் போறியா? கோயில் படிய என்ன செய்வே? வாத்தியாரு மூஞ்சிய எப்படிப் பாப்பே? ரயில்வே சாமான எடுத்ததுன்னு வந்தா மொதல்ல யார் பேரு வரும்? என் பேரு வராது. எடுத்துக் குடுத்தவர் பேருதான் வரும்."

"அதான் பாய் ராத்திரி பூரா உருண்டுகிட்டு இருந்தேன்."

"நீ நல்ல மார்க்குப் போடு, நானும் சியாவும் போடுறோம். கட்டை மாத்தணும்னு அப்புறமா ஒரு ஓரத்துல பேசிக்கலாம்."

"அப்புறம்னு சொன்னது எது நடந்திருக்கு?"

உதுமான் எழுந்து கல்லாவுக்குப் போனார். டீக்குக் காசு வாங்க மறுத்துவிட்டார். அதுவும் அவளுக்கு அன்றைக்குப் பிடிக்கவில்லை. மேசையில் வைத்துவிட்டு வந்தாள்.

வரும் வழியில் மாரியம்மன் கோயில். செருப்பைக் கழற்றிவிட்டுப் படி ஏறினாள். மூன்றாவது படியில் ஆணி இருந்த துவாரம் சந்தனம் அப்பிக் கிடந்தது. எத்தனை நாள் மிதித்து ஏறியிருக்கிறாள், ஒருநாளும் குனிந்து பார்த்ததில்லை. அதிகம் நிற்காமல் இறங்கிவிட்டாள்.

சாயங்காலம் சட்டை காய்ந்திருந்தது. தண்ணீர் தெளித்து இஸ்திரி போட்டாள். காலர், தோள்பட்டை, கை. பொத்தான் பட்டையில் சூடு படாமல் நுனியால் ஓட்டினாள். ஹேங்கரில் மாட்டி முன்னறை ஜன்னல் கம்பியில் தொங்கவிட்டாள். பிறகு மேசையில் உட்கார்ந்தாள். எழுந்தாள். ஃபேனைக் கூட்டினாள். காகிதம் பறந்தது, குறைத்தாள். கண்ணாடியைத் துடைத்தாள். மறுபடி உட்கார்ந்தாள்.

பாரம்பரிய மதிப்பு: இருபதுக்குப் பதினாறு. ஊர் மக்களுக்குப் பயன்: பதினைந்து. மனுதாரரின் முயற்சி: இருபதுக்கு இருபது, அதில் அவளுக்குத் தயக்கமே இல்லை. பாதுகாப்பு: பேனாவை எடுத்து, பென்சிலை எடுத்து, மறுபடி பேனாவையே எடுத்தாள்.

தங்கராஜு இரண்டு கிளாஸ் தே ஓ கொண்டுவந்து வைத்தார். அவர் டீ போடுவது வருஷத்தில் நாலு நாள். எதிரே உட்கார்ந்து சட்டையைப் பார்த்தார்.

"நல்லா வந்திருக்கு."

"ம்."

"பூச்சு போகல பாத்தியா?"

"பித்தளைதான். நான்தான் தப்பா சொன்னேன்."

அவர் நாற்காலியை மேசைக்குக் கொஞ்சம் கிட்ட இழுத்துக்கொண்டார்.

"எவ்வளவு போட்ட?"

"ரெண்டு."

"இருபதுக்கா?"

"இருபதுக்கு. பாதுகாப்புல பத்துக்குக் கீழ போனா மத்ததுல எவ்வளவு வாங்கினாலும் காசு கிடையாதுன்னு விதி."

அவர் கிளாஸைச் சுற்றினார். "அந்த ரெண்டு எதுக்கு?"

"இரும்புக்கு. தண்டவாளம் நல்லா இருக்கு."

அவருக்கு மூக்கு நுனி சிவந்தது. கத்துவார் என்று நினைத்தாள். கத்தியிருந்தால் சுலபமாக இருந்திருக்கும். "முப்பத்தொரு வருஷத்துல என் பாதையில ஒரு வண்டி தடம் புரண்டதில்ல. தெரியுமா உனக்கு?"

"தெரியும். அதனாலதான் இத உங்ககிட்ட பேசிக்கிட்டிருக்கேன்." காகிதத்தை அவர் பக்கம் திருப்பினாள். "இங்க பாருங்க. காரணம் எழுதுற இடத்தக் காலியா விட்டிருக்கேன். நாளைக்கு எட்டரைக்கு ஆபீஸ்ல குடுக்கணும். அதுக்குள்ள நீங்களே ரூபேந்திரன்கிட்ட போயி, கட்டை எப்படியிருக்குன்னு சொல்லி, அந்தக் கடிதத்தத் திரும்ப வாங்கிட்டு வந்தா, 'கட்டைகளை மாற்றிய பிறகு மறுபடி மனுச் செய்யலாம்'னு மட்டும் எழுதுவேன். யார் எடுத்தா, எப்ப எடுத்தான்னு எழுத மாட்டேன். இதுவரைக்கும் எதுலயும் நான் அப்படி விட்டதில்ல. வாங்கலன்னா பாத்தத எழுதுவேன். பின்கட்டுல நான் நின்னு துவைக்கிற எட்டுக் கட்டை வரைக்கும்."

அவர் காகிதத்தைப் பார்க்கவில்லை.

"அவன் பாவம், சொந்தக் காசப் போட்டிருக்கான். அடுத்த வருஷம்கூட மனுப் போடலாம். கட்டை மாத்த ஆள் வேணும்னா உங்களைவிட்டா யாரு இருக்கா? நம்ம எட்டையும் முதல்ல கொண்டு போய்ப் போடுங்க. நான் சிமெண்டுல நின்னு துவைச்சுக்குவேன்."

தங்கராஜு எழுந்தார். ஜன்னல் கம்பிக்குப் போய்ச் சட்டையின் தோள்பட்டையை, கோணலே இல்லாத இடத்தை, விரலால் நேராக்கினார். பிறகு இன்னும் குடிக்காத கிளாஸை எடுத்துக்கொண்டு சமையலறைப் பக்கம் நடந்தார்.

"என்னங்க," என்றாள். "இப்பவே போறீங்களா, காலையிலயா? ரூபேந்திரன் விடியுமுன்ன வேலைக்குக் கிளம்பிருவான்."

பின்கதவின் கொசுவலைச் சட்டம் திறந்து, படாரென்று சாத்திக்கொண்டது. கொஞ்ச நேரத்தில், அவள் நின்று துவைக்கிற கட்டைகளின் அடியில் கடப்பாரை இறங்கும் சத்தம் கேட்டது.